இத்தாலியன் மொழிபெயர்ப்பில் எங்கே தப்பு? அறிகுறியை வைத்துக் கண்டுபிடிக்கும் வழி

ஆங்கிலத்திலிருந்து இத்தாலியனுக்குப் போன பிரதிகளைத் திருத்துவது என் அன்றாட வேலை. கடிதம், லேபிள், செயலியின் பொத்தான், பாராட்டு அட்டை என்று எது வந்தாலும் உள்ளே இருக்கும் தப்புகள் பெரும்பாலும் அதே பழைய தப்புகள்தான். அவற்றை அறிகுறிவாரியாக இங்கே எழுதி வைக்கிறேன். உங்கள் வாக்கியத்துக்கு என்ன நடக்கிறது என்று பார்த்து அந்தத் தலைப்புக்குப் போங்கள். ஒவ்வொன்றிலும் ஒரு நிமிடத்தில் சரியாகும் காரணம் முதலில் வரும், நேரமோ பணமோ கேட்கும் காரணம் கடைசியில் வரும். இத்தாலியன் சொற்களைக் காதில் விழும்படி தமிழில் எழுதியிருக்கிறேன்.

எந்த அறிகுறியாக இருந்தாலும் முதலில் ஒன்று செய்யுங்கள். ஆங்கில வாக்கியத்தை வீட்டில் பேசுவதுபோலத் தமிழில் ஒருமுறை சொல்லிவிட்டு, அப்புறம் இத்தாலியனுக்குப் போங்கள். பல இடங்களில் ஆங்கிலத்தைவிடத் தமிழ்தான் இத்தாலியனுக்குப் பக்கத்தில் நிற்கிறது. தமிழ் கைவிடும் இடங்களும் உண்டு. அவற்றையும் அங்கங்கே சொல்கிறேன்.

## அறிகுறி 1: எழுத்துப்பிழை இல்லை, ஆனால் படித்தவர் முகம் மாறுகிறது

காரணம் அ: இரட்டிக்க வேண்டிய மெய் இரட்டிக்கவில்லை. முதலில் இதைப் பாருங்கள். ஆங்கிலத்தில் ஓர் எழுத்தை இரண்டு முறை எழுதினாலும் உச்சரிப்பில் அது நீளாது. இத்தாலியனில் நீளும், பொருளும் மாறும். நோன்னோ என்றால் தாத்தா, நோனோ என்றால் ஒன்பதாவது. கப்பெல்லி என்றால் தொப்பிகள், கபெல்லி என்றால் தலைமுடி. வயதைச் சொல்லும் இடத்தில்தான் அதிகம் கவனம் வேண்டும். ஆண்டுகளுக்கு ஆன்னி. அதில் ஒரு 'ன்' விட்டுப்போய் ஆனி என்றாகிவிட்டால் அது ஆசனவாயைக் குறிக்கும் சொல்லின் பன்மை. எழுத்துப்பிழை திருத்தி இதைப் பிடிக்காது, ஏனென்றால் அதுவும் அகராதியில் உள்ள சொல்தான்.

சோதனை எளிது: வாய்விட்டுப் படியுங்கள். கனிக்கும் கன்னிக்கும், பலிக்கும் பல்லிக்கும் வித்தியாசம் தெரிந்த நாக்கு நமக்கு. ஆங்கிலம் மட்டுமே பேசுகிறவர்கள் மாதக்கணக்கில் பழகுவதை நாம் முதல் நாளே சொல்லிவிடுவோம். எழுதும்போதும் அந்தக் காதைக் கூடவே வைத்துக்கொண்டால் போதும்.

காரணம் ஆ: ஆங்கிலச் சொல்லின் சாயலில் இருக்கும் வேறொரு சொல். என்னிடம் வரும் பிரதிகளில் அதிகம் தட்டுப்படுவது இதுதான். ஒருமுறை ஒரு ஜாம் லேபிள் வந்தது. அச்சுக்குப் போக ஒரே நாள். 'பிரிசர்வேட்டிவ் சேர்க்கப்படவில்லை' என்ற பொருளில் ஆங்கில வரி, அதற்குக் கீழே இத்தாலியனில் 'சென்ட்ஸா ப்ரெசெர்வதீவி'. படித்ததும் கை நின்றுவிட்டது. ப்ரெசெர்வதீவி என்றால் ஆணுறைகள். கெடாமல் காக்கச் சேர்க்கும் பொருளுக்குச் சொல் கொன்செர்வாந்தி.

அடிக்கடி மாட்டும் மற்றவை இவை. 'ஆக்சுவலி'க்கு அத்துவால்மெந்தே என்று எழுதுவார்கள். அதன் பொருள் 'தற்போது'. உண்மையில் என்று சொல்ல இன் ரெயால்தா. 'எவென்ச்சுவலி'க்கு எவெந்துவால்மெந்தே என்று போட்டால் 'தேவைப்பட்டால்' என்று ஆகிவிடும், கடைசியில் நடந்தே தீரும் என்ற உறுதி காணாமல் போகும். அங்கே அல்லா ஃபீனே வேண்டும். ஓர் ஒப்பந்தத்தில் 'கடைசியில் பணம் தரப்படும்' என்பது 'தேவைப்பட்டால் தரப்படும்' என்று மாறினால் என்ன ஆகும் என்று யோசித்துப் பாருங்கள்.

லிப்ரெரீயா என்பது புத்தகக் கடை, நூலகம் பிப்லியோதேக்கா. பரெந்தி உறவினர்கள், பெற்றோர் ஜெனித்தோரி. ஃபத்தொரீயா பண்ணை, தொழிற்சாலை ஃபாப்ரிக்கா. காமெரா என்றால் அறை. எதுகாத்தோ என்றால் மரியாதை தெரிந்தவர், படித்தவர் என்பதற்கு இஸ்த்ருயீத்தோ. சென்சீபிலே என்றால் சட்டென்று மனம் நோகிறவர், விவேகமானவர் ரஜொனேவொலே. ப்ரெதேந்தெரே என்றால் வேண்டும் என்று அடித்துக் கேட்பது, நடிப்பது ஃபின்ஜெரே. அன்னொயாத்தோ என்றால் சலிப்படைந்தவர், எரிச்சலடைந்தவர் செக்காத்தோ.

கால்தோ என்ற சொல்லை மட்டும் குழாயடியில் நின்று மனப்பாடம் செய்யலாம். இத்தாலியில் 'சி' என்று போட்டிருக்கும் குழாயைக் குளிர்ந்த தண்ணீருக்கானது என்று நினைத்துத் திறந்தால் கை சுடும். அந்த 'சி' கால்தோவுக்கானது, அதாவது சூடு. குளிர்ந்த நீர் வேண்டுமென்றால் 'எஃப்' என்று போட்டதைத் திறக்க வேண்டும், அது ஃப்ரெத்தோ.

காரணம் இ: பாதி பொருந்தும் சொல். இதைப் பிடிப்பது கடினம், சில வாக்கியங்களில் சரியாகவே இருந்துவிடும். 'டெஃபினிட்லி'க்கு தெஃபினிதிவமெந்தே என்று எழுதினால் 'இனி மாற்றமே இல்லாமல், ஒரேயடியாக' என்று பொருள். 'கண்டிப்பாக வருகிறேன்' என்பதற்கு சிக்குரமெந்தே. கசுவாலே என்றால் தற்செயலான என்று அர்த்தம், சாதாரண உடுப்பைச் சொல்ல அது உதவாது.

சோதனை: சந்தேகம் வந்த இத்தாலியன் சொல்லை ஆங்கில அகராதியில் தேடாதீர்கள். இத்தாலியனுக்கு இத்தாலியனிலேயே பொருள் சொல்லும் அகராதியில் பாருங்கள். த்ரெக்கானி அகராதி இணையத்தில் இலவசமாகக் கிடைக்கிறது. விளக்கத்தின் முதல் வரி உங்கள் தமிழ் வாக்கியத்தோடு பொருந்தவில்லையென்றால் சொல்லை மாற்றுங்கள். இயந்திரத்தில் போட்டு மறுபடி ஆங்கிலத்துக்குத் திருப்பிப் பார்ப்பதை நான் நம்புவதில்லை. சாயல் சொல் சில நேரம் அதே சாயலில் திரும்பி வந்து எல்லாம் சரி என்று ஏமாற்றிவிடும்.

எப்போது ஆளைக் கூப்பிட வேண்டும்: உணவு லேபிள், மருந்துக் குறிப்பு, ஒவ்வாமை எச்சரிக்கை. இந்த மூன்றிலும் ஒரே ஒரு சாயல் சொல் கண்ணில் பட்டால்கூட முழுப் பிரதியையும் தொழில்முறை மொழிபெயர்ப்பாளரிடம் கொடுத்துவிடுங்கள்.

## அறிகுறி 2: ஒவ்வொரு சொல்லும் சரி, ஆனாலும் "என்ன சொல்ல வருகிறீர்கள்?" என்று கேட்கிறார்கள்

இது மரபுத்தொடர் நோய். ஆங்கிலத் தொடரைச் சொல்லுக்குச் சொல் எடுத்துப் போட்டிருப்பீர்கள்.

காரணம் அ: படம் ஒன்றுதான், சொல்லும் விதம் மட்டும் வேறு. பனியை உடைப்பது, தண்ணீரைவிட்டு வெளியே வந்த மீன், கறுப்பு ஆடு, மேகத்தில் தலை, இவை இரண்டு மொழியிலும் உண்டு. இத்தாலியர்கள் சொல்லும் அச்சில் எழுதினால் போதும்: ரோம்பெரே இல் கியாச்சோ, பேஷ்ஷே ஃபுவோர் தாக்குவா. இரண்டாவதில் ஃபுவோரி என்ற முழுச் சொல்லை எழுதிவிடாதீர்கள். தொடருக்குள் அது குறுகித்தான் வரும்.

காரணம் ஆ: கருத்து ஒன்று, படம் வேறு. இங்கேதான் தமிழ் நன்றாகக் கை கொடுக்கும். முதலில் நம் பழமொழியைப் பிடியுங்கள். பொருள் தெளிந்துவிடும், அப்புறம் இத்தாலியன் பழமொழியைத் தேடுவது சுலபம்.

ஒரே கல்லில் இரண்டு மாங்காய் என்கிறோம். ஆங்கிலத்தில் இரண்டு பறவை. இத்தாலியனில் ஒரே மொச்சையால் இரண்டு புறாவைப் பிடிப்பார்கள்: தூவே பிச்சோனி கோன் ஊனா ஃபாவா. அங்கே கல்லே கிடையாது. கூழுக்கும் ஆசை மீசைக்கும் ஆசை என்று நாம் சொல்லும் இடத்தில் ஆங்கிலத்தில் கேக்கைத் தின்னவும் வேண்டும், அது கையிலும் இருக்க வேண்டும், இத்தாலியனில் பீப்பாயும் நிறைந்திருக்க வேண்டும், மனைவிக்கும் போதை ஏறியிருக்க வேண்டும்: லா போத்தே பியேனா ஏ லா மோல்யே உப்ரியாக்கா. அத்தி பூத்தாற்போல என்பதற்கு ஆங்கிலத்தில் நீல நிலா, இத்தாலியனில் ஓன்யி மோர்தே தி பாப்பா, அதாவது போப்பாண்டவர் இறக்கும்போதெல்லாம். யானை விலை குதிரை விலை என்றால் இத்தாலியனில் தலையிலிருக்கும் ஒரு கண்ணையே கொடுக்க வேண்டும்: உன் ஓக்கியோ தெல்லா தெஸ்தா. மழை கொட்டோ கொட்டென்று கொட்டினால் பியோவே ஆ கத்தினெல்லே, அண்டா அண்டாவாக ஊற்றுகிறது. ஒன்றும் புரியவில்லை என்றால் ஆங்கிலேயருக்கு அது கிரேக்கம், இத்தாலியருக்கு அது அரபு: பெர் மே ஏ ஆராபோ.

தானம் கொடுத்த மாட்டைப் பல்லைப் பிடித்துப் பார்க்காதே என்பதில் மட்டும் மூன்று மொழியும் ஒரே வாய்க்குள் எட்டிப் பார்க்கின்றன. மாடு அங்கே குதிரையாகிவிடும்: ஆ கவால் தொனாத்தோ நோன் சி குவார்தா இன் போக்கா. இப்படிப் பொருந்தும்போது வரும் சந்தோஷத்துக்காகவே இந்த வேலையை இன்னும் விடாமல் செய்கிறேன்.

மேடை ஏறப் போகிறவருக்கும் தேர்வு எழுதப் போகிறவருக்கும் ஆங்கிலத்தில் 'காலை உடைத்துக்கொள்' என்று வாழ்த்துவார்கள். அதை அப்படியே ரோம்பிதி ஊனா காம்பா என்று அட்டையில் எழுதி அனுப்பிய ஒரு வாழ்த்து என் கையில் வந்தது. இத்தாலியனில் அது சாபம்தான். அங்கே வழக்கம் இன் போக்கா அல் லூப்போ, ஓநாயின் வாய்க்குள். பதிலாக க்ரேப்பி என்பார்கள், அது செத்துப்போகட்டும் என்று பொருள். ஓநாய் மேல் இரக்கப்பட்டு வீவா இல் லூப்போ என்று சொல்கிறவர்களும் இப்போது நிறைய. நன்றி என்று மட்டும் பதில் சொன்னால் வாழ்த்தின் பலன் போய்விடும் என்று பலர் நினைக்கிறார்கள். அதனால் உரையாடலை மொழிபெயர்க்கும்போது வாழ்த்தை மாற்றினால் அடுத்த வரியில் இருக்கும் 'தேங்க்யூ'வையும் மாற்ற வேண்டும். பாதிப் பேர் இதை மறந்துவிடுகிறார்கள்.

காரணம் இ: அங்கே அப்படி ஒரு தொடரே இல்லை. 'அது என் கோப்பைத் தேநீர் இல்லை' என்ற ஆங்கிலத் தொடருக்குத் தேநீரைத் தேடி அலைய வேண்டாம். நோன் ஃபா பெர் மே, அது எனக்கு ஒத்துவராது. அவ்வளவுதான். அழகான தொடர் கிடைக்காவிட்டால் வெறும் வாக்கியமாகச் சொல்லிவிடுவது குறையே கிடையாது.

காரணம் ஈ: தொடர் சரி, இடம் தப்பு. பீப்பாயும் மனைவியும் வீட்டுப் பேச்சுக்குச் சரி, அலுவலகக் கடிதத்துக்குச் சரிப்படாது. தொடரை மேற்கோள் குறிக்குள் போட்டு இத்தாலியன் பக்கங்களில் தேடுங்கள். வருகிற முதல் பத்து வாக்கியங்களைப் படித்தால் யார், யாரிடம், எந்தத் தொனியில் சொல்கிறார்கள் என்று பிடிபடும். சொல் வழக்கில் நுணுக்கமான சந்தேகம் வந்தால் 1583இல் ஃபிளாரன்ஸில் தொடங்கிய அக்காதேமியா தெல்லா க்ரூஸ்கா இருக்கிறது. 1612இல் இத்தாலியனின் பெரிய அகராதியை வெளியிட்ட அமைப்பு. மொழி பற்றிய கேள்விகளுக்கு அவர்கள் தரும் பதில்கள் இணையத்தில் படிக்கக் கிடைக்கின்றன.

எப்போது ஆளைக் கூப்பிட வேண்டும்: தொடரை வைத்துச் சிலேடை செய்திருந்தால். விளம்பர வாசகம், தலைப்பு, நகைச்சுவை வசனம். இதற்கு மொழிபெயர்ப்பு போதாது, இத்தாலியனில் எழுதத் தெரிந்தவர் புதிதாக எழுத வேண்டும். சொல் கணக்குக்குக் கூலி பேசினால் நல்லவர் யாரும் இதை ஏற்க மாட்டார்.

## அறிகுறி 3: பசி, பிரியம், ஏக்கம் சொல்லப்போய் ஆள் தலைகீழாகிறார்

ஆங்கிலத்தில் எல்லாவற்றுக்கும் 'நான்' முன்னால் வந்து நிற்கும். இத்தாலியன் அப்படி இல்லை, தமிழும் அப்படி இல்லை.

காரணம் அ: 'இருக்கிறேன்' வந்த இடத்தில் 'வைத்திருக்கிறேன்' வர வேண்டும். பசிக்கிறது என்றால் ஓ ஃபாமே, பசியை வைத்திருக்கிறேன். வயதும் அப்படித்தான். வெயிலில் புழுங்கினால் ஓ கால்தோ. ஆங்கிலத்தைப் பார்த்து சோனோ கால்தோ என்று எழுதினால் அது வேறு சூடு, காமம் கலந்த பொருள் வரும். 'எக்ஸைட்டட்' என்பதற்கு சோனோ எச்சித்தாத்தோ என்பதும் அதே குழிதான். விழாவுக்கு ஆவலோடு காத்திருக்கிறேன் என்று சொல்ல நோன் வேதோ லோரா, அந்த நேரம் எப்போது வருமோ என்று இருக்கிறது.

காரணம் ஆ: 'எனக்கு' வர வேண்டிய இடத்தில் 'நான்' வந்துவிட்டது. எனக்குப் புத்தகம் பிடிக்கும்: மி பியாச்சே இல் லீப்ரோ. மி என்பது நம் 'எனக்கு'. ஆங்கிலம் வழியாக இத்தாலியன் படிக்கிறவர்களுக்கு இது ஒரு முழு அத்தியாயம், நமக்கு ஒரு வரி. ஒன்றில் மட்டும் தமிழ் உதவாது: பிடித்தது பன்மையானால் வினையும் பன்மையாகும். மி பியாச்சொனோ ஈ லீப்ரி. நமக்கு ஒன்றானாலும் பத்தானாலும் 'பிடிக்கும்'தான், அதனால் இதைத் தனியாகச் சோதியுங்கள்.

காரணம் இ: 'மிஸ் யூ'. மி மாங்கி. சொல்லுக்குச் சொல் பார்த்தால் 'எனக்கு நீ குறைகிறாய்'. ஆங்கில வரிசையில் நான், உன்னை என்று அடுக்கி தி மாங்கோ என்று எழுதினால் 'உனக்கு என் நினைவாக இருக்கிறது' என்று திரும்பிவிடும். தூரத்தில் இருக்கும் ஒருவருக்கு ஏக்கத்தோடு எழுதிய கடிதம் கர்வமாகப் படிக்கப்படும். கடிதம் முழுதும் இந்த ஒரு வினையைத் தேடி, 'எனக்கு' என்பது 'மி'யாக இருக்கிறதா என்று பாருங்கள்.

இந்த அறிகுறிக்கு ஆள் தேவையில்லை. தமிழில் சொல்லிப் பார்த்தாலே தீரும்.

## அறிகுறி 4: ஒரே ஆங்கிலச் சொல், ஓரிடத்தில் சரி, இன்னோரிடத்தில் தப்பு

காரணம் அ: சொல் தனியாக நிற்கிறது. செயலி, இணையதளம், பெயர்ப்பலகை இவற்றில்தான் இது வரும். சுற்றி வாக்கியம் இல்லாததால் இயந்திரம் ஊகிக்கிறது. 'க்ளோஸ்' பொத்தான் வீச்சீனோ ஆகியிருக்கும், அதாவது 'அருகில்'. சரியானது கியூதி. 'புக்' என்பது முன்பதிவாக இல்லாமல் லீப்ரோ என்று புத்தகமாகியிருக்கும், வேண்டியது ப்ரெனோத்தா. 'ஃப்ரீ' என்பதற்கு லீபெரோ என்றால் காலியாக அல்லது சுதந்திரமாக இருப்பது, காசில்லாமல் கிடைப்பது க்ராத்தீஸ். 'த்ரீ லெஃப்ட்', அதாவது 'மூன்று மிச்சம்' என்பது 'மூன்று இடது' ஆகிவிட்ட திரையைக்கூடப் பார்த்திருக்கிறேன்.

சரிசெய்ய: சொற்பட்டியலை மட்டும் அனுப்பாதீர்கள். பக்கத்திலேயே ஒரு வரி எழுதுங்கள்: 'ஜன்னலை மூடும் பொத்தான்', 'அறை பதிவு செய்யும் பொத்தான்'. திரைப் படமும் இருந்தால் இன்னும் நல்லது.

காரணம் ஆ: ஆங்கிலத்தில் ஒரு சொல், இத்தாலியனில் மூன்று. 'டைம்' என்பதைத் தமிழில் சொல்லிப் பாருங்கள். நேரமில்லை என்றால் தெம்போ. மணி என்ன என்றால் ஓரே. மூன்று தடவை என்றால் வோல்தே. 'ப்ளே'யும் அப்படியே: விளையாடினால் ஜொக்காரே, வாத்தியம் வாசித்தால் சுவொனாரே, நடித்தால் ரெச்சித்தாரே. தமிழில் வினை மாறினால் இத்தாலியனிலும் மாற்றுங்கள், பெரும்பாலும் பொருந்தும். விரலில் இது எதிர்ப்பக்கமாகப் பொருந்தும். ஆங்கிலம் கைவிரலுக்கும் கால்விரலுக்கும் தனிச்சொல் வைத்திருக்கிறது, நமக்கும் இத்தாலியருக்கும் இரண்டும் விரல்தான், தீத்தோ.

காரணம் இ: தமிழும் சேர்ந்து ஏமாற்றுகிறது. 'தெரியும்' இப்படிப்பட்டது. நீச்சல் தெரியும், அவரைத் தெரியும், இரண்டையும் ஒரே சொல்லால் சொல்கிறோம். இத்தாலியனில் சோ நுவொத்தாரே, லோ கொனோஸ்கோ என்று இரண்டு வினை. 'அறிமுகம் உண்டு' என்று மாற்றிச் சொல்ல முடிந்தால் கொனோஷெரே, செய்யத் தெரியும் அல்லது விவரம் தெரியும் என்றால் சப்பேரே. நிபோத்தே என்ற உறவுச்சொல் இன்னொன்று. பேரன், பேத்தி, அண்ணன் மகன், அக்கா மகள் எல்லோரும் அங்கே நிபோத்தே. குடும்பக் கடிதத்தில் பரவாயில்லை. உயிலில் அந்தச் சொல் வந்தால் யாருடைய பிள்ளை என்று கூடவே எழுதிவிடுங்கள்.

## அறிகுறி 5: தப்பே இல்லை, ஆனால் பதில் விறைப்பாக வருகிறது

காரணம் அ: வணக்கம் தப்பு. சாவோ நண்பர்களுக்கு. தெரியாதவருக்கு புவொன்ஜோர்னோ. எது என்று தெரியாத இடத்தில் சால்வே.

காரணம் ஆ: நீ, நீங்கள் கலந்துவிட்டது. ஆங்கில 'யூ' இந்த வேறுபாட்டை மறைத்துவிடும். தூ என்பது நீ, லேய் என்பது மரியாதையான நீங்கள். இதே லேய்தான் 'அவள்' என்பதற்கும், வினையும் படர்க்கையில் வரும். கோமே ஸ்தாய் என்றால் எப்படி இருக்கிறாய், கோமே ஸ்தா என்றால் எப்படி இருக்கிறீர்கள். எழுதத் தொடங்கும் முன்பே, இவரைத் தமிழில் நான் எப்படிக் கூப்பிடுவேன் என்று ஒரு முடிவுக்கு வந்துவிடுங்கள். அலுவலகம் சார்ந்த எதற்கும் லேய் வைத்துக்கொண்டால் யாரும் கோபிக்க மாட்டார்கள்.

காரணம் இ: ஏவலில் ஈறு புரண்டுவிட்டது. பார்லி என்றால் நீ பேசுகிறாய், பார்லா என்றால் நீங்கள் பேசுகிறீர்கள். ஏவலாகும்போது இதுவே தலைகீழாகும்: ஸ்கூசா என்பது நண்பனிடம் கேட்கும் மன்னிப்பு, ஸ்கூசி என்பது பெரியவரிடம். கடிதத்தை முடித்ததும் வினைகளை மட்டும் விரல் வைத்து ஒவ்வொன்றாகப் பாருங்கள். 'உன்' என்ற துவோவும் 'உங்கள்' என்ற சுவோவும் ஒரே கடிதத்தில் ஒரே ஆளுக்கு வந்திருந்தால் அங்கேதான் பதில் விறைத்திருக்கிறது.

## அறிகுறி 6: எண் மட்டும் உதைக்கிறது

1,250.50 என்ற ஆங்கில எழுத்துமுறை இத்தாலியனில் 1.250,50. புள்ளியும் காற்புள்ளியும் இடம் மாறும்.

'பில்லியன்' என்பது நம் 100 கோடி. இத்தாலியனில் அது மிலியார்தோ. சாயலைப் பார்த்து பிலியோனே என்று போட்டால் லட்சம் கோடியாகிவிடும், ஆயிரம் மடங்கு பிழை.

குவாத்ரொச்சென்தோ என்றால் சொல்லளவில் நானூறு, கலை வரலாற்றில் 1400கள், அதாவது 15ஆம் நூற்றாண்டு. ஓவியக் குறிப்புகளில் நூறு ஆண்டு தள்ளிப்போவது இதனால்தான். அமெரிக்க ஆங்கிலத்தின் இரண்டாம் தளம் அங்கே ப்ரீமோ பியானோ, முதல் தளம்.

## எதைச் செய்தும் சரியாகவில்லை, அல்லது தப்பினால் இழப்பு பெரிது

இத்தாலிய அரசு அலுவலகத்தில் கொடுக்கும் பிறப்புச் சான்று, திருமணச் சான்று, பட்டச் சான்று போன்றவற்றுக்குப் பல நேரம் சத்தியம் செய்த மொழிபெயர்ப்பு கேட்பார்கள். மொழிபெயர்ப்பாளரே நீதிமன்றத்துக்கு நேரில் போய், மூலத்துக்கு உண்மையாக மொழிபெயர்த்தேன் என்று உறுதிமொழியில் கையெழுத்துப் போட வேண்டும். மார்க்கா தா போல்லோ என்ற 16 யூரோ முத்திரை வில்லைகளும் ஒட்ட வேண்டியிருக்கும். எத்தனை வில்லை என்பது பக்க அளவைப் பொறுத்தது. வேலை தொடங்கும் முன்பே கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். இங்கே சொந்த முயற்சிக்கு இடமே இல்லை. 1950இல் தொடங்கிய இத்தாலிய மொழிபெயர்ப்பாளர் சங்கமான ஆயித்தியின் உறுப்பினர்களில் ஒருவரைத் தேடலாம். இத்தாலியனைத் தாய்மொழியாகக் கொண்டவராகப் பாருங்கள்.

அவரிடம் போகும்போது நீங்கள் செய்த இத்தாலியன் வரைவை மட்டும் நீட்டித் திருத்தச் சொல்லாதீர்கள். மூல ஆங்கிலம், யார் படிக்கப் போகிறார்கள், தூவா லேயா, எத்தனை எழுத்துக்குள் அடங்க வேண்டும் என்ற நான்கையும் கொடுங்கள். இத்தாலியன் ஆங்கிலத்தைவிட நீளும், பொத்தானுக்குள் அடங்காத சொல் வந்தால் அவர் வேறு சொல் தேட வேண்டியிருக்கும். வரைவைக் கொடுத்தே ஆக வேண்டுமென்றால், உங்களுக்குச் சந்தேகம் வந்த இடங்களில் பென்சிலால் கோடு போட்டு, பக்கத்தில் நீங்கள் சொல்ல நினைத்ததை எழுதிவிடுங்கள். அப்படிக் குறித்து வந்த பிரதியை நான் அரை மணி நேரத்தில் முடிப்பேன். குறிக்காமல் வந்தால் அரை நாள் போய்விடும்.